இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே

கோவையில் பொறியியல் படித்தவர்களிடம் 'சாண்ட்விச்' என்று சொன்னால் தின்பண்டம் நினைவுக்கு வருவதில்லை. ஐந்தாண்டுப் படிப்பு ஒன்றின் பெயர் அது. நான்கு ஆண்டுகளில் முடியும் பி.இ. பட்டத்தை ஐந்தாண்டுகளாக நீட்டி, வகுப்புகளுக்கு இடையிடையே தொழிற்சாலைப் பயிற்சியை வைத்துக் கட்டிய பாடத்திட்டம். பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி இந்தப் படிப்புக்குப் பெயர்பெற்றது. நான் அங்கு பயின்றவனல்லன். தொண்ணூறுகளின் நடுவில் வேறொரு கல்லூரியில் இயந்திரவியல் படித்தேன். எங்களுக்கு வாய்த்தது எட்டு வாரப் பயிற்சி மட்டுமே. ஆனால் என் அறைத்தோழர்கள் இருவர் சாண்ட்விச் மாணவர்கள். மாலையில் அவர்கள் திரும்பும்போது சட்டையில் வீசும் கட்டிங் ஆயில் வாசனையை நான் சற்றுப் பொறாமையுடன் நுகர்ந்ததுண்டு.

இந்த ஏற்பாடு நம் ஊரில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903-இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்துக் கூட்டுறவுக் கல்வி என்ற பெயரில் இதையே ஆரம்பித்தார். அவருடைய ஏற்பாடு எளிமையானது. ஒரு வேலைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் இந்த வாரம் வகுப்பில் இருந்தால் மற்றவர் பட்டறையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இந்த முறையைத் தன் அடித்தளமாகக் கொண்டது.

ஆனாலும் இது வேர்பிடிக்கக் கோவையைவிடப் பொருத்தமான மண் குறைவு என்றே தோன்றுகிறது. முதலில் பஞ்சாலைகள் வந்தன. முப்பதுகளில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. ஆலை இயந்திரம் பழுதானால் சரிசெய்யப் பட்டறைகள் முளைத்தன. மழை குறைந்த கொங்கு மண்ணில் கிணற்று நீரை மேலேற்ற வேண்டியிருந்ததால் அப்பட்டறைகள் பம்புக்கும் மோட்டாருக்கும் நகர்ந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்தார்கள். பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாம் பங்கை அறக்கட்டளைக்கு வைத்தது 1926-இல். அந்த அறக்கட்டளையின் தொழிற்கூடத்தோடு ஒட்டியே 1951-இல் பொறியியல் கல்லூரி எழுந்தது. தொழிற்சாலையைத் தேடி மாணவன் போக வேண்டியதில்லை, மதில்சுவருக்குள்ளேயே அது இருந்தது.

ஜி.டி. நாயுடு இன்னும் ஒருபடி மேலே போனவர். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் தொடங்கிய கல்லூரியே பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை விரயமாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரே ஊரில் ஒருவர் படிப்பை இரண்டாண்டாகச் சுருக்கச் சொல்ல, இன்னோர் இடத்தில் அதை ஐந்தாண்டாக விரித்தார்கள். இரு தரப்புக்கும் கவலை ஒன்றுதான்: புத்தகம் படித்தவனுக்குக் கை பழகவில்லை.

கைக்கு முன்னால் பழக வேண்டியது காது என்று பட்டறைக்குள் போன முதல் வாரத்தில் உணர்ந்தேன். நான் 'டர்னிங்' என்று படித்தது அங்கே கடைசல். 'த்ரெட்' என்றது மரை. இயந்திரம் விட்டுவைக்கும் கூர் விளிம்பு பிசிறு. அங்குலத்தில் எட்டிலொரு பங்கு ஒரு நூல். 'மரை கழன்றவன்' என்று நாம் போகிறபோக்கில் சொல்லும் வசையின் பிறப்பிடம் இத்தகைய இடமாகத்தான் இருக்க வேண்டும்.

நகருக்கு வெளியே இருந்த அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். வார்ப்படப் பகுதியில் மூத்த மோல்டர் ஒருவரிடம் என்னை விட்டார்கள். சிறிய பம்பு உறைகளுக்கு மண் அச்சு எடுப்பது அவர் வேலை. ஈரமண்ணைக் கைப்பிடியில் இறுக்கி, விரித்து, நடுவில் உடைத்துப் பார்ப்பார். உடைந்த முனை கூராக நின்றால் ஈரம் சரி. ஈரம் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். ஆய்வகத்தில் இதே சோதனைக்குக் கருவி இருந்தது. இவருடைய கருவி உள்ளங்கை. அடிப்பெட்டி, மேல்பெட்டி, கம்பியால் குத்தும் காற்றுத்துளை, அச்சை அசைத்து உருவும் நுணுக்கம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். நான் அவரை 'அண்ணா' என்றேன். அவர் என்னைத் தம்பி என்றும், மனம் குளிர்ந்த வேளைகளில் கண்ணு என்றும் அழைத்தார்.

மூன்றாம் வாரம் அலுவலகத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் அட்டையில் செருகிய தாள்களும் தந்தார்கள். மோல்டிங்குக்கு நேர ஆய்வு செய்து தர வேண்டும். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி; தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் அது. கடிகாரத்துடன் போய் நின்றேன். அதுவரை 10 நிமிடத்தில் ஒரு பெட்டி முடித்தவர் 14 நிமிடம் எடுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. தேநீர் வேளையில் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"ஏனுங் தம்பி, நீங்க அந்தப் பொட்டிய அமுக்குனா எனக்குக் கை ஓடமாட்டேங்குதுங்க."

நான் பேசாமல் இருந்தேன்.

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க. போன வருசமும் ஒரு தம்பி வந்தாரு. தங்கமான பையன். அவரு எழுதிக் குடுத்துட்டுப் போன கணக்குல நாளைக்கு அஞ்சு பெட்டி கூட்டிப்போட்டாங்க. அவரு படிச்சு முடிச்சு இன்னேரம் எங்கயோ வேலைல இருப்பாரு. அந்த அஞ்சு பெட்டி எங்ககிட்டயே இருக்குதுங்க."

பாடநூல் இவரை முன்பே அறிந்து வைத்திருந்தது என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. தொழிலாளி வேண்டுமென்றே வேகம் குறைப்பதைப் பற்றி 1911-இலேயே ஃபிரெடரிக் டெய்லர் விரிவாக எழுதிவிட்டார். அதற்கு மாற்றாகப் பின்வந்தவர்கள் வேகமதிப்பு என்ற ஒன்றை வைத்தார்கள். பார்ப்பவர் தன் கணிப்பில் 70 விழுக்காடு வேகம் என்று குறித்தால், 14 நிமிடம் 9.8 ஆகிவிடும். அண்ணன் கைப்பற்றிய நான்கு நிமிடங்களை ஒரு பெருக்கலில் திருப்பி எடுத்துவிடலாம்.

ஆனால் அதே பாடத்தில் சலுகைநேரம் என்றொரு பகுதியும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணைப்படி ஆணுக்குத் தனிப்பட்ட தேவைகளுக்காக 5 விழுக்காடு, அடிப்படைக் களைப்புக்கு 4, நின்றுகொண்டே வேலை செய்தால் 2. இவற்றுக்கு மேல் தூக்கும் எடை, வெப்பம், இரைச்சல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே சேர்க்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு ஒரு வாரம் அவருடன் மண் இடித்தேன். இரண்டாம் நாள் மாலை அறையில் குவளையைத் தூக்கத் தோள் மறுத்தது. உலை திறக்கும் நேரத்தில் அந்தக் கொட்டகையில் நிற்பது எத்தகையது என்பதை எழுத்தில் சொல்வது கடினம். எல்லாம் சேர்த்துச் சலுகை 25 விழுக்காடு என்று குறித்தேன். பெட்டிக்கு 12.25 நிமிடம், 480 நிமிட ஷிஃப்டுக்கு 39 பெட்டி.

அதிகாரி படித்தார். மரியாதையாகவே பேசினார். வெப்பம், எடை ஆகிய வரிகளைப் பென்சிலால் அடித்து 11 விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்தார். இப்போது கணக்கு 10.9 நிமிடம், 44 பெட்டி. மீண்டும் ஐந்து. சுத்தப்பிரதியில் கையெழுத்துக் கேட்டார். நான் என் கணக்குக்கு மட்டுமே கையெழுத்திட முடியும் என்றேன். "சரிங்க தம்பி, நாங்களே டைப் பண்ணிக்கறோம்" என்றார். என் மறுப்பினால் அங்கே ஒன்றும் மாறியிருக்காது. பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று, அவ்வளவே. கல்லூரியில் கொடுத்த அறிக்கையில் 39 என்றே இருந்தது.

பின்னர் தொழில்பழகுநர் சட்டத்தைப் படிக்க நேர்ந்தபோது இந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் உள்ளடக்கியது. அதன் 18-ஆம் பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. எனினும் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான ஏற்பாடுகளுக்கும் காயத்துக்கான இழப்பீட்டுக்கும் தனிப்பிரிவுகள் உண்டு. அடிபட்டால் மட்டும் தொழிலாளியைப் போல், மற்ற நேரங்களில் அப்படியல்ல. தொழிலாளர் பக்கமும் இல்லாமல் நிர்வாகத்தின் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கும் அந்த இளைஞன் கையில்தான் கடிகாரம் தரப்படுகிறது. அவன் எட்டு வாரத்தில் போய்விடுவான் என்பது தருபவர்களுக்கும் தெரியும், அளக்கப்படுபவர்களுக்கும் தெரியும்.

ஐந்தாண்டுப் படிப்பின் அருமை எனக்கு இங்கேதான் புரிகிறது. என் அறைத்தோழர்கள் பட்டறைக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். போன பருவத்தில் எழுதிக்கொடுத்த கணக்கின் விளைவை இந்தப் பருவத்தில் அதே மனிதரின் முகத்தில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. அறிவை விட இந்தத் திரும்பி வருதல்தான் சாண்ட்விச் படிப்பு தந்த பெரிய பாடம் என்று அவர்களில் ஒருவர் ஒருமுறை சொன்னார்.

2018-இல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் எல்லாப் பொறியியல் மாணவருக்கும் தொழிற்பயிற்சியை வலியுறுத்தியது. நல்லதுதான். ஆனால் பணம் கட்டினால் வாசலில் கால் வைக்காமலே சான்றிதழ் கிடைக்கும் இடங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். உறவினர் மகன் ஒருவன் சென்ற ஆண்டு பயிற்சிக்குப் போகுமுன் என்ன கற்றுக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டான். மென்பொருளும் கருவிகளும் அவர்களே சொல்லித் தருவார்கள் என்றேன். நீ எழுதித் தரும் எண் எந்த மேசைக்குப் போகிறது, அதனால் யாருடைய வேலை கூடுகிறது என்று மட்டும் விசாரித்து அறிந்து வா என்றேன். அது பாடத்திட்டத்தில் இல்லையே மாமா என்றான். இருந்தால் நன்றாயிருக்கும்.