கண்ணை மூடிய பூனை

பூனை வளர்க்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? கண்டிப்பாகக் குட்டியைத்தான் தேடுவீர்கள். உள்ளங்கையில் அடங்கும், நூல்கண்டோடு விளையாடும், போட்டோவுக்கும் அழகு. ஆனால், எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் உங்களைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிற ஒரு ஒன்பது வயசுப் பூனை, கடைசி மூலையில் இருக்கும். இந்த வாரம் அதுக்காகக் கொஞ்சம் சிபாரிசு பண்ணலாம்னு இருக்கேன்.

சென்னையில் ‘ப்ளூ கிராஸ்’ 1959-ல் தொடங்கியது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூருவில், கிரிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991-ல் ‘கூபா’ அமைப்பை ஆரம்பித்தார். இவை தவிர, தனி ஆட்கள் கைக்காசு போட்டு நடத்தும் சின்னச் சின்னக் காப்பகங்களும் உண்டு. டிரான்ஸ்ஃபர், ஹவுஸ் ஓனர் கெடுபிடி, வளர்த்தவர் மரணம்... பெரிய பூனைகள் வந்து சேர இப்படி ஆயிரம் காரணம். கூட்டிப் போகத்தான் ஆள் வராது.

எங்கள் வீட்டுக்கு வந்தவளும் அந்த ரகம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னடக்காரப் பாட்டி வளர்த்த பூனை. பாட்டி போனதும் காப்பகம்.

“ஏங்க, சும்மாவே குட்டி கெடைக்குது. இந்தக் கெழட்டுப் பூனை எதுக்குங்க? இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கப்போவுது?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நியாயமான கேள்வி. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வயசு வரைகூட இருக்கும். ஒன்பது போனால் மீதி ஆறு. அந்த ஆறு வருஷத்தைக் கூண்டில் கழிப்பதா, ஜன்னல் வெயிலில் கழிப்பதா என்பதுதான் விஷயம்.

வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போனவள், பத்து நாள் வெளியே வரவில்லை. இப்படி ஒளிந்தால் இழுத்துப் போட்டுக் கொஞ்சாதீர்கள். 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் ஒரு காப்பகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளுக்கு முதல் சில நாட்களிலேயே பதற்றம் வேகமாகக் குறைந்தது. ஆக, தேவை ஒரு அட்டைப்பெட்டி. சிப்காட் இருக்கிற ஊரில் அதுக்கா பஞ்சம்!

ஒரே அறையில் பெட்டி, மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடனே டாக்டரிடம் ஓடணும். பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். தயிர்சாதம் மட்டுமே போட்டும் வளர்க்கக் கூடாது. மீன், கறியில் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

மனுஷனுக்கும் இந்த ஒளிதல் உண்டு. லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று கம்பெனிகள் வர வர, ஓசூரில் பாதி சனம் வெளியூர்தான். டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய யாரையாவது கேளுங்கள், முதல் வாரம் ரூமில் எப்படி இருந்தீர்கள் என்று. ஷிஃப்ட் முடிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்த கதை வரும். தெரிந்த பாஷையில் ஒரு குரல் கேட்டால்தான் தலை வெளியே வரும்.

பூனைக்கும் அதேதான் நடந்தது. நாங்கள் “வா, வா” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தோம். பால் போட வந்த பையன் எட்டிப் பார்த்து, “பா, பா!” என்றான் கன்னடத்தில். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை மெதுவாக நீண்டது! ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால், அது பாட்டியின் எழுத்து.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டு போய்விடுமா என்று பழமொழியில் கிண்டல் செய்வோம். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு வேறு சொன்னது. மனிதர்கள் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால் பூனைகளும் பதிலுக்கு அப்படிச் செய்கின்றன. முன்பின் தெரியாதவர் செய்தால்கூட, நீட்டிய கைப்பக்கம் வரத் தயங்குவது குறைகிறது. உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை, உன் மேல் பயமில்லை என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். தினமும் தரையில் உட்கார்ந்து நான் கண்ணை மூடித் திறந்தேன். இருபத்து மூன்றாம் நாள் அவளும் மூடித் திறந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வயசான பூனைக்குச் செலவு உண்டு. பல், சிறுநீரகம் எல்லாம் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்கணும். நமக்கு முன்னால் போய்விடும் என்பதும் தெரிந்ததுதான். மடியில் ஏறும் என்றெல்லாம் உத்தரவாதம் தர மாட்டேன். இவள் இன்னும் ஏறவில்லை, ஏறாமலும் போகலாம். ராத்திரி ஷிஃப்ட் பஸ் போகிற நேரத்தில் ஒரு கை தூரத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தூங்குகிறாள். அந்த ஒரு கை தூரம் அவள் கொடுத்தது.