காங்கேசன்துறைக்கு மீண்ட புகையிரதம்

ஈழத்தின் வடகோடியில், கடற்காற்று வீசும் எல்லைக்குள்ளே அமைந்திருக்கிறது காங்கேசன்துறைப் புகையிரத நிலையம். தெற்கிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கே முடிவடைகின்றது. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இதுவே தொடக்கம். 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதற் பாதை திறக்கப்பட்டபோது, புகையிரதம் ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலேதான். கொழும்புடனான தொடர்பு 1905இலேதான் முழுமை பெற்றது. 1956இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கிற்று.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வோட்டம் நின்றது. பின்னர்ப் போரிலே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை கிடந்த இடத்தைப் பற்றை மூடியது. அயற் கிராமத்து மக்களோ இடம்பெயர்ந்து, உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் ஆண்டுகளைக் கழித்தனர்.

போர் முடிந்தபின், இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்த புகையிரதம், 2015 சனவரி 2ஆந் திகதி காங்கேசன்துறையை அடைந்தது.

அம்மாதத்திலேயே ஒரு விடுமுறை நாளில், மாணவர் சிலருடன் நானும் அங்குச் சென்றேன். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கி ஓடின. தெல்லிப்பழையையும் மாவிட்டபுரத்தையும் கடந்து காங்கேசன்துறையில் இறங்கினோம். நிலையம் புத்தம் புதிதாய்ப் பொலிந்தது. மாணவர் மேடையிலே குதூகலித்தனர்.

எங்களுடன் இறங்கிய முதியவர் ஒருவர் மட்டும் மேடையின் ஓரத்திலே அசையாது நின்றார். அருகே சென்று, “ஐயா, ஆரையேன் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ?” என்றேன்.

“இல்லைத் தம்பி. அந்தப் பனையளுக்கு அங்காலைதான் எங்கடை வளவு. றெயில் வந்திட்டுது, நாங்கள்தான் இன்னும் வந்து சேரேல்லை” என்றார்.

அப்பொழுது அயலிலிருந்த காணிகள் பல உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்தன. பின்வந்த ஆண்டுகளில் அவற்றுட் பல கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அம்முதியவர் தம் வளவை மிதித்தாரோ, அறியேன். திரும்பும் வழியில் ஒரு மாணவன், “சேர், ஸ்ரேசனைத் திருப்பிக் கட்டியாச்சுத்தானே, பிறகேன் அவர் அழுதவர்?” என்று வினவினான். அன்று அவனுக்கு வரலாற்று ஆண்டுகளைச் சொன்னேன். இன்று கேட்பானாயின், நிலையமென்பது புகையிரதம் நிற்கும் இடம் மட்டுமன்று, இறங்கியவர் நடந்து தம் வீடு செல்லும் இடமுமாகும் என்பேன்.