எட்டாவது வரி

என் அலமாரியில் ஏழு தொப்பிகள் இருக்கின்றன. காலனியாட்சிக் காலத்தில் வெள்ளைக்கார ராணுவத்தார் வெயிலுக்கு அணிந்தவை. முதல் தொப்பியைக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். "சாருக்காம்மா?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகும் அவர் விலையை என்னுடன் வந்திருந்த தம்பியிடம்தான் சொன்னார். அந்த வீம்பில் தொடங்கியது இந்தச் சேகரிப்பு.

கையில் எடுத்தால் எடையே தெரியாது. காக்கித் துணிக்குள் இருப்பது நெட்டி. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் செடியின் வெள்ளைத் தண்டு. மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு நெட்டி மாலை போடுகிறோமே, அதே நெட்டி. தஞ்சாவூர்க் கலைஞர்கள் பெரிய கோவிலைச் செதுக்குவதும் இதில்தான். வங்காளத்தில் இதன் பெயர் சோலா. அதனால் இது சோலா தொப்பி. ஆங்கிலேயர் வாயில் அது 'சோலார்' ஆகி, சூரியனோடு ஒட்டிக்கொண்டது. நெட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டித் துணி போர்த்துவார்கள். உச்சியில் காற்றுத் துளை. நெற்றியில் படும் தோல் பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி. ஒரு தலையை வெயிலிலிருந்து காப்பாற்ற எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

இந்திய வெயில் வெள்ளையர் மண்டையைத் துளைத்துவிடும் என்று அவர்களுடைய மருத்துவர்களே நம்பினார்கள். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1944இல் இதை மூடநம்பிக்கை என்று எழுதினார். ஆள்பவர் உடம்பு வேறு, ஆளப்படுபவர் உடம்பு வேறு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது பேரரசுக்குத் தேவையாக இருந்தது என்பது அவர் வாதம். நம் மண்டை கெட்டி, வெயில் ஒன்றும் செய்யாது என்பதுதான் அதன் மறுபக்கம்.

ஒருநாள் தொப்பி ஒன்றின் தோல் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய வியர்வையின் கறை. உள்ளே மையில் ஓர் அதிகாரியின் பெயர். அப்போதுதான் அப்பத்தாவின் சும்மாடு நினைவுக்கு வந்தது.

அப்பத்தா கதிர்க்கட்டும் விறகும் சுமந்தவர். கிழிந்த சேலைத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் பாரத்தை ஏற்றுவார். பாரத்தை இறக்கியதும் அதே துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொள்வார். உச்சந்தலையில் முடி தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. வெயில் அவர் தலைக்கு என்ன செய்யும் என்று எந்த மருத்துவரும் கவலைப்பட்டதில்லை. அவர் இறந்தபோது அந்தத் துணி எங்கே போனதென்று நாங்களும் கேட்கவில்லை.

என் சேகரிப்பு நோட்டில் ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு வரி உண்டு: செய்த இடம், காலம், அணிந்தவர் பெயர். தண்ணீரில் இறங்கி நெட்டி அறுத்தவர்களின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அதற்கொரு கட்டம் போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை என்று கோபப்பட்ட நானும் சிலரைப் பார்க்காமல்தான் இருந்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு சும்மாடு சுருட்டித் தரச் சொல்லி, ஏழு தொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் அவிழ்ந்து கிடந்தது.

"தலையும் பாரமும் இருந்தாத்தானே அது நிக்கும்" என்றார் அம்மா.

அந்தத் துணியை மடித்து அங்கேயே வைத்துவிட்டு, நோட்டை எடுத்து எட்டாவது வரியில் அப்பத்தாவின் பெயரை எழுதினேன்.