கஞ்சித்தொட்டிக்குப் போகும் வழி

அரக்கோணம் லோக்கலில் ஏறி மூர்மார்க்கெட்டில் இறங்குகிறவர்களுக்கு வால்டாக்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. சென்ட்ரலை ஒட்டி வடக்கே ஓடும் சாலை. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் சுவர் வரி. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து போன பிறகு, பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணத்துக்கு மதில் எழுப்பியது. காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. வரி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அந்தச் சாலையில் மின்ட் பக்கம் வரை நடந்து, பழைய ஜெயில் ரோட்டில் திரும்பினால் அந்த மதிலில் மிச்சமிருக்கும் ஒரு துண்டைப் பார்க்கலாம். அதன் மேலேயே செடி வைத்துப் பூங்கா ஆக்கியிருப்பதால் ஊர் அதை மாடிப் பூங்கா என்கிறது. அதே சாலையில் பாரதி மகளிர் கல்லூரி. ஜெயில் இருந்த இடம் அது. பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னையின் பெரியவர்களிடம் ஸ்டான்லி என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால் உடனே கை காட்டுவார்கள்.

அந்தக் கஞ்சித்தொட்டிக்கும் எங்கள் அரக்கோணம் பக்கத்து மண்ணுக்கும் உறவு உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று கம்பெனித் தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்த புள்ளலூர், அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவிலுள்ள வட்டாரம். மறு ஆண்டு செப்டம்பரில் கம்பெனிப் படைத்தலைவர் ஐர் கூட் ஹைதரோடு மோதியது சோளிங்கரில். படைகள் போய் வந்த ஊர்களில் பயிர் எரிந்தது, ஏரிகள் கவனிப்பாரற்றுப் போயின, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பிழைக்க வழியற்றவர்கள் மதில் இருக்கும் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். மணியக்காரர் என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் ‘மோனிகர்’ ஆனது. 1799இல் அதை ஒட்டி ஒரு மருத்துவமனை வந்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி.

பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய கை வணக்கத்துக்குரியது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மதில், ஜெயில், கஞ்சி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது மிஷெல் ஃபூக்கோ நினைவுக்கு வருகிறார். பைத்தியத்தின் வரலாற்றை எழுதி 1961இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சிந்தனையாளர். 1656இல் பிரான்சின் மன்னர் ஆணைப்படி பாரிசில் ‘பொது மருத்துவமனை’ ஒன்று நிறுவப்பட்டது. பெயர்தான் மருத்துவமனை. பிச்சைக்காரர், வேலையற்றவர், முதியவர், சித்தம் கலங்கியவர் எல்லாரும் அதற்குள் அடைக்கப்பட்டார்கள். நகரத்தில் நூற்றுக்கு ஒருவர் உள்ளே இருந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். நோயைக் குணப்படுத்துவது அங்கே நோக்கமே இல்லை, ஏழ்மை தெருவில் தெரியக்கூடாது என்பதே நோக்கம் என்பது அவர் வாதம்.

அதை அப்படியே இங்கே பொருத்தினால் தப்பாகிவிடும். இவ்வளவு பெரிய நாட்டில் எல்லாரையும் அடைத்து வைக்கக் கம்பெனிக்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. 1794இல் சர்ஜன் வாலன்டைன் கொனோலி சென்னையில் தொடங்கிய மனநோயாளர் விடுதி சிறியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் பெரிய காப்பகம் வந்தபோதும், மாகாணத்தின் மக்கள்தொகைக்கு அது ஒரு துளி. அந்தத் துளிக்குள் யாரைக் கொண்டுபோனார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம், சித்தம் கலங்கித் திரிகிறவராகக் கருதப்படும் எவரையும் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதைப் போலீசின் கடமையாக்கியது. வீடும் காவலும் உள்ளவன் வீட்டுக்குள் கலங்கினால் அது குடும்பத்தின் துயரம். வீடில்லாதவன் தெருவில் கலங்கினால் அது போலீஸ் வேலை.

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில், ஏழையைச் சந்தேகிக்கும் இதே பார்வை கஞ்சிக்கும் வந்தது. பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. அதை வாங்க ஊரைவிட்டுத் தொலைவில் முகாமில் தங்கி மண் சுமக்க வேண்டும். இதைத் தின்று உடல் உழைக்காது என்று வாதாடியவர் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவர் பெயரை நாம் மறந்திருக்கக் கூடாது.

சுவர்களின் காலம் வெள்ளைக்காரர் ஆட்சியோடு தீரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டது குரூரம், அதை அத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்ததும் குரூரமே. மறுபுறம், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய ‘பேன்யன்’, தெருவில் கிடந்த பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, ஊர் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிக் காட்டியது. பூட்டு இல்லாமலும் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி நம் அரக்கோணம் ஜங்ஷனுக்கு வருவோம். ராய்ச்சூர் பாதையும் ஜோலார்பேட்டை பாதையும் பிரியும் இடம். எந்த ரயிலிலோ ஏறி, எங்கேயோ இறங்கி, பெயர் சொல்லத் தெரியாமல் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களை ரயிலேறும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று சொல்லி நகர்ந்தும் இருக்கிறோம். தயவுசெய்து அந்தச் சொல்லை விடுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவிலும் போலீசுக்குக் கடமை உண்டு, ஆனால் இம்முறை காப்பாற்றும் கடமை. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். 95ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அடுத்த முறை பிளாட்பாரத்தில் அப்படி ஒருவரைக் கண்டால், ரயில்வே போலீசிடம் 100ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். லாக்கப்பிலோ ஜெயிலிலோ அவரை ஒருபோதும் வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது.