டிரில் ஓடும் தறிகள்

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் சந்துக்குச் சந்து விசைத்தறிச் சத்தம். நான் தேடிப் போனது டிரில் ஓடும் பட்டறையை. பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டை, ஆட்டோ ஓட்டுநரின் காக்கி என நாள் முழுக்க உரசலும் வியர்வையும் படுகிற உடம்புகளுக்கெல்லாம் போகும் துணி அது. வெளிச்சத்தில் பிடித்தால் சாய்வாக ஓடும் வரிகள் தெரியும். விரலால் தடவினாலும் தட்டுப்படும்.

உள்ளே பேசினால் காதில் விழாது. தறி ஓட்டும் அக்கா கையசைத்துக் கூப்பிட்டு, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைக் காட்டினார். அவற்றைத் தூக்கி இறக்கும் விழுதுச் சட்டம் சாதா நெசவுக்கு இரண்டு போதும், ஒன்று ஏற ஒன்று இறங்கும். டிரிலுக்குக் குறைந்தது மூன்று வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டு பாவு இழைகளுக்குக் கீழே போய் ஒன்றின் மேலே ஏறுகிறது. அடுத்த முறை ஊடையைக் கொண்டுபோகும் நாடா ஓடும்போது அந்தக் கட்டு ஓர் இழை தள்ளி விழுகிறது. தள்ளித் தள்ளி விழுந்தே சாய்கோடு உருவாகிறது. கட்டு குறைவதால் இழைகளை இன்னும் நெருக்கலாம், துணி கனக்கும். கிழிக்கப் பார்த்தால் இழைகள் சற்று நகர்ந்து, சேர்ந்து நின்று தாங்கும். அந்த உறுதிக்குக் காரணம் இதுதான். ஜீன்ஸ் தைக்கும் டெனிமும் இதே குடும்பம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தினார். துண்டு நூல் ஒட்டி முடிச்சிட்டு, விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சுப் பல்லுக்குள் இழுத்து, தறியைத் திரும்ப ஓடவிட்டார். டீக்கு வெளியே வந்தபோது கேட்டேன், கண் மாறிக் கோத்துவிட்டால்?

"சாதாத் துணியில தேடிக் கண்டுபுடிக்கோணுமுங்க. இதுல கோடு உடைஞ்சு நிக்கும், அதுவே காட்டிக் குடுத்துரும். பார்க்காம உட்டுட்டா பீஸ் முழுக்க அப்படியே போயிரும்."

அவர் புருவத்திலும் முடியிலும் பஞ்சு படிந்திருந்தது. காதுக்கு அடைப்பான் எதுவும் இல்லை. அங்கே கூலி மீட்டர் கணக்கு. பாவு நெருக்கமாக இருப்பதால் அறுபடவும் நிறைய இழைகள் இருக்கின்றன. அவற்றைப் பிணைக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான். தமிழக அரசு விசைத்தறிக் கூடங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. நல்ல உதவி. ஆனால் அது மின்கட்டணத்தோடு நின்றுவிடுகிறது, தறிமுன் நிற்பவரின் கைக்கு வருவதில்லை.

சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை கொடுக்கிறது. அந்தத் துணியின் பெரும்பகுதி இப்படிப்பட்ட தறிகளில்தான் நெய்யப்படுகிறது. வாங்குகிற அரசே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: இழை பிணைக்கும் நேரத்துக்கும் கூலி, தறி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் காதடைப்பான். கூலிப் பேச்சுவார்த்தையில் வியாபாரிகளும் தறி உரிமையாளர்களும் உட்காரும்போது, தறி ஓட்டுபவர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.