ஐ.வி-க்கு ஊட்டி வேணாம்... தும்பா போலாம்!

ஐ.வி. லிஸ்ட் போடும்போது ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு... இதைத் தாண்டி யாராச்சும் யோசிச்சிருக்கீங்களா? 'இண்டஸ்ட்ரியல்' அரை மணி நேரம், 'விசிட்' மூணு நாள்! ஊர் சுத்துறது தப்பில்லைதான். ஆனா, ஒரே ஒரு தடவை லிஸ்ட்ல தும்பாவையும் சேர்த்துப் பாருங்க பாஸ். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துல, கடற்கரையை ஒட்டி ஒரு பழைய சர்ச். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தோட மியூசியம் இருக்கிறது அதுக்குள்ளேதான்.

சர்ச்சுல எதுக்கு ராக்கெட்? காரணம், காந்தம். பூமிக்கு நடுவுல ஓடுற நிலநடுக்கோடு வேற, காந்த நடுக்கோடு வேற. 1960-களில் அந்தக் காந்தக்கோடு தும்பாவை ஒட்டிப் போனது. அதுக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்துல ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுது. அவ்வளவு உயரத்துக்கு பலூன் ஏறாது, அவ்வளவு கீழே சாட்டிலைட் இறங்காது. அளந்து பார்க்க ராக்கெட்தான் ஒரே வழி.

ஆனா, அங்கே மீனவ மக்கள் குடியிருந்தாங்க. அவங்களோட மேரி மக்தலேனா ஆலயமும் இருந்தது. விக்ரம் சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் பார்த்துக் கேட்டார். பிஷப் தன் மக்கள்கிட்ட கேட்டார். அவங்க கோயிலையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துட்டு நகர்ந்து போனாங்க. பிரார்த்தனைக் கூடம் லேப் ஆச்சு, பிஷப்போட அறை டிராயிங் ஆபீஸ் ஆச்சு. நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் வேலை பார்த்த இடம் இதுதான். மியூசியத்துல மாடல்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தச் சுவரை ஒரு நிமிஷம் பாருங்க. என்னைக் கேட்டா, அங்கே இருக்கிறதுலயே பெரிய எக்ஸிபிட் அதுதான்.

1963 நவம்பர் 21, சாயங்காலம். அமெரிக்காவோட நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பி, சோடியம் ஆவியை வானத்துல விட்டுட்டுப் போச்சு. அந்தி வெளிச்சத்துல ஆரஞ்சு கலர் மேகம்!

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கத்து ஆளா நீங்க? அப்ப ஒரு கணக்கு போடுங்க. நேர்கோட்டுல பார்த்தா நம்ம ஊருக்கும் தும்பாவுக்கும் சுமார் 200 கிலோமீட்டர். ராக்கெட் ஏறினதும் கிட்டத்தட்ட அதே உயரம். அன்னிக்கு மழை மேகம் மறைக்கலைன்னா, நம்ம கருவேலங்காட்டுக்கு மேலே, தென்மேற்கு வானத்துல அது தெரிஞ்சிருக்கணும். ஊர்ல எழுபது தாண்டின தாத்தா, அப்பத்தா யாராச்சும் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. 'வானம் செவந்துச்சுப்பா'ன்னு ஒருத்தர் சொன்னாலும் போதும். அந்த ஞாபகம் எந்த மியூசியத்துலயும் கிடைக்காது. அவங்களும் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாங்க.

1967-ல் இங்கேயே செஞ்ச முதல் ராக்கெட் ஆர்.எச்-75. 75-ங்கிறது விட்டம், மில்லிமீட்டர்ல. நம்ம தோட்டத்துப் பம்புசெட்டுல மாட்டுற மூணு இஞ்ச் பைப் இருக்குல்ல, அதே சைஸ்! 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுமந்து போன எஸ்.எல்.வி-3 ராக்கெட்டோட எடை 17 டன். இப்ப இருக்கிற எல்.வி.எம்-3 சுமார் 640 டன். மெக்கானிக்கல் பசங்க இந்த மூணையும் வரிசையா மனசுல நிறுத்திப் பார்த்தாலே ஒரு செமஸ்டர் பாடம் புரிஞ்சுடும்.

போறது எப்படி? நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியா ரயில் பாதை இருக்கு, ஆனா வண்டி கம்மி. பஸ்ல விருதுநகர் போயிடுறது புத்திசாலித்தனம். அங்கிருந்து திருவனந்தபுரம் ரயில்ல சுமார் 260 கிலோமீட்டர். பகல் வண்டியா பாருங்க, வலது பக்க ஜன்னலைப் பிடிங்க. வள்ளியூர், பணகுடி பக்கம் தெரியுற மலைகள்ல ஒண்ணு மகேந்திரகிரி. இஸ்ரோவோட திரவ எரிபொருள் இன்ஜின்களுக்கு டெஸ்ட் நடக்கிற இடம். அப்புறம் ஆரல்வாய்மொழி காத்தாடிகள்... போனை உள்ளே வெச்சுட்டு வேடிக்கை பாருங்க.

முக்கியமான விஷயம், இது விண்வெளி மையம், பொருட்காட்சி இல்லை. மியூசியம் திறந்திருக்கிற நாள், நேரத்தை உறுதி பண்ணிட்டுத்தான் டிக்கெட் போடணும். கும்பலா போனா, ஹெச்.ஓ.டி. கையெழுத்தோட முன்கூட்டியே லெட்டர் அனுப்பிடுங்க. ஆளுக்கொரு ஐ.டி. கார்டு கண்டிப்பா கையில இருக்கட்டும். நேரம் மிஞ்சினா, திருவனந்தபுரம் சிட்டிக்குள்ளேயே பிரியதர்ஷினி கோளரங்கம் இருக்கு, ஒரு ஷோ பார்த்துட்டு ராத்திரி ரயிலைப் பிடிச்சுடலாம்.