எத்தனை புள்ளி?

போன பொங்கலுக்கு நம்ம காலேஜ்ல நடந்த டிஜிட்டல் கோலப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது நான்தான். 500 ரூபாய், ஒரு சான்றிதழ். கருநீலப் பின்னணி, நடுவில் தாமரை, சுற்றிலும் ஒளிவிடும் சிக்குக் கோலம். பார்த்திருப்பீங்க, ரெண்டு வாரம் பாதிப் பேர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அதுதான் ஓடிச்சு. "எப்படி மச்சி போட்ட?"ன்னு கேட்டவங்ககிட்ட சிரிச்சு மழுப்பிட்டேன். இப்போ சொல்றேன். அதை நான் போடவில்லை.

போட்டிக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு, ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு ஏஐ பட ஜெனரேட்டரில் நாலு வரி ப்ராம்ப்ட் அடித்தேன். வந்த படங்களில் பளிச்சென்று இருந்த ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் உழைப்பு.

மனசு உறுத்தியபோது ஒரு சமாதானம் வைத்திருந்தேன். 2022-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னியில் உருவாக்கிய படத்துக்கு டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு கிடைத்தது. உலகமே சண்டை போட்டது. அவருக்கே கொடுத்தாங்க, எனக்கென்ன? ஆனால் ஒன்றை வசதியாக மறந்துவிட்டேன். அவர் "மிட்ஜர்னி வழியாக" என்று எழுதித்தான் படத்தை அனுப்பினார். நான் என் பெயரை மட்டும்தான் எழுதினேன்.

பொங்கல் லீவுக்கு மானாமதுரை பக்கம் இருக்கும் எங்க ஊருக்குப் போனேன். அப்பா பெருமையாக செல்போனை அப்பத்தாவிடம் நீட்டினார். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ரெண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தது.

"எத்தனை புள்ளி யய்யா இது?"

எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு வரிசையில் 7, அதற்கு நேரே வலது பக்கம் 9. அதற்குள் அப்பத்தா ஒரு இழையை விரலால் பின்தொடர ஆரம்பித்திருந்தது. தாமரைக்குக் கிட்ட வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இங்கன அந்து போச்சு. இது எங்கிட்டுப் போகுது?"

"அது கம்ப்யூட்டரே போட்டது அப்பத்தா."

"அப்ப நீ என்னத்தப் போட்ட?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அதனால்தான் பதில் வரவில்லை.

அந்த இழை ஏன் அறுந்தது என்பதற்கு மட்டும் பதில் உண்டு. இந்த மாடல்களில் பெரும்பாலானவை டிஃப்யூஷன் வகை. டிவியில் சேனல் வராதபோது தெரிந்த புள்ளிமழை மாதிரி இரைச்சலில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலை நீக்கி, கேட்ட வார்த்தைக்குப் பொருத்தமான படமாக்கும். கோலம் எப்படி "தெரியும்" என்று எக்கச்சக்கமான படங்களிலிருந்து கற்றிருக்கிறது. இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்ற வேண்டும், கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்ற விதியை யாரும் அதற்குத் தனியாகச் சொல்லித் தரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கோலம், விரல் வைத்துப் போனால் கோலம் இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வைத்தேன். "இப்படிச் சதுரமா வச்சு எல்லா இடத்துலயும் பின்னிக்கிட்டே போனா ஒரே இழையில முடியாது. ஒரு புள்ளி கூட்டி வையி" என்றது. வரிசைக்கு 6 வைத்தேன். ஒரே இழை, 30 புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. ஏன் என்று கேட்டேன். "அது அப்பிடித்தான்."

நம்மை மாதிரி ஆட்களிடம் "அது அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா? லேப்டாப்பைத் திறந்தேன். பைத்தான், அதிலுள்ள டர்ட்டில். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டுக்கு நடுவில் இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போனால் 1. வெட்டாமல் அந்தந்தப் புள்ளியோடு வளைந்து திரும்பினால் 0. இவ்வளவுதான் டேட்டா ஸ்ட்ரக்சர். 5-க்கு 6 கோலத்தில் அப்படி 49 இடங்கள். எல்லாம் 0 என்றால் 30 தனித்தனி வட்டங்கள். எல்லாம் 1 என்றால் அப்பத்தாவின் ஒற்றை இழை. நடுவில் 2-இன் அடுக்கு 49, அதாவது சுமார் 5.6 கோடி கோடி அமைப்புகள். இதில் எதிலுமே இழை பாதியில் அறுந்து நிற்காது. விதி அப்படி.

அடுத்து அளவை மாற்றி மாற்றி, எல்லாம் 1 என்று வைத்து, எத்தனை இழை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். 5-க்கு 5: ஐந்து இழை. 5-க்கு 6: ஒன்று. 4-க்கு 6: ரெண்டு. 6-க்கு 9: மூன்று. ராத்திரி ஒரு மணிக்கு உரைத்தது, இது மீ.பொ.வ! பத்தாம் வகுப்பில் யூக்ளிட் முறையில் போட்டோமே, அதேதான். அடுத்தடுத்த ரெண்டு எண்ணுக்கு மீ.பொ.வ எப்போதும் 1. "ஒரு புள்ளி கூட்டி வையி" என்பதற்குப் பின்னால் இருந்தது இது. சத்தம் போட்டுக் கத்தியதில் அப்பா எழுந்து வந்து திட்டினார்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் கணக்கு ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது. கோலமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சந்தித்ததுகூடப் பழைய கதைதான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகள் பற்றி 1974-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். டிஓசி பேப்பரில் படித்து மறக்கும் அதே ஃபார்மல் கிராமர்தான்.

லீவு முடிந்து வந்து போட்டிப் படங்களை மறுபடி பார்த்தேன். ரெண்டாம் பரிசு வாங்கியது ஒரு ஜூனியர் பொண்ணு. பளபளப்பு எதுவுமில்லை, வெள்ளையில் கறுப்புக் கோடு. அன்றைக்கு அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது புள்ளி எண்ணினேன், சரியாக இருந்தது. இழை மேலே விரல் வைத்துப் போனேன். திரும்பி வந்தது. வெக்டார் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வளைவாக, மூணு ராத்திரி உட்கார்ந்து போட்டதாக அப்புறம் சொன்னாள்.

சான்றிதழையும் 500 ரூபாயையும் கிளப்பில் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டதற்கு "சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவளிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப் பயம், அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை. தங்கச்சி, முதல் பரிசு உன்னோடது. ஸாரி.

ஏஐ பக்கமே போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. அந்தக் கோடில் ரெண்டு பிழையைக் கண்டுபிடிக்க நானே ஒரு சாட்பாட்டைத்தான் கேட்டேன். ஆனா அதில் எத்தனை புள்ளின்னு யாராவது கேட்டா, இப்போ எண்ணாமலே சொல்லிடுவேன்.

கோட் வேணும்னா ஹாஸ்டலுக்கு வாங்க, தர்றேன். வரும்போது 6-க்கு 6-ஐ ஒரே இழையில் முடிக்க எந்தெந்த இடத்தில் 0 வைக்கணும்னு பேப்பரில் போட்டுப் பார்த்துட்டு வாங்க. அப்பத்தா அதைக் கோலப்பொடியிலேயே முடிச்சிடுச்சு. என் புரோகிராம் இன்னும் தேடிக்கிட்டு இருக்கு.